நான்கு நொடி

விண்ணப்பத்தின் ஏழாம் பகுதி கேட்கிறது:
உங்கள் ஆய்வால் நகரத்தில் நேர்ந்த மாற்றத்தை
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துக்குள் விவரிக்கவும்.
இடைவெளியும் எழுத்தாகவே கணக்கிடப்படும்.

நாலேகாலுக்குக் கணினி கதவைச் சாத்திவிடும்.
இப்போது மூன்று பத்து.
தாம்பெரேயில் நவம்பர் கடைசி வாரம்,
ஜன்னலில் வெளிச்சம் ஏற்கெனவே மூட்டை கட்டுகிறது.

பத்தொன்பது வருஷம்.
முப்பத்தொரு கட்டுரை, இரண்டு நிதிக்கொடை
(கிடைக்காமல் போனவை பதினாறு, அவற்றுக்குக் கட்டமில்லை).
நல்வாழ்வு என்ற சொல்லை எழுதிய நாளெல்லாம்
மதியச் சாப்பாட்டை
விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஆறவிட்டேன்.
எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால்
இந்த ஊரில்
ஒரே ஒரு சாலைக்கடப்பில்
பச்சை மனிதன் நான்கு நொடி கூடுதலாக எரிகிறான்.

விரலை நான்கு முறை சொடுக்குங்கள்.
அவ்வளவுதான்.

அதற்கே மூன்று குளிர்காலம் பேரம்.
போக்குவரத்துப் பொறியாளர் வேய்யோ சொல்வார்:
"தைனா, நடக்கிறவனுக்குக் கொடுத்தால் டிராம் கேட்கும்,
டிராமுக்குக் கொடுத்தால் பேருந்து கேட்கும்,
நேரம் என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா?"
நான் ஏழு கேட்டேன். அவர் இரண்டில் நின்றார்.
நாலில் கைகுலுக்கியபோது
இருவர் முகத்திலும் ஏமாந்த களை.

எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாதவர்களுக்கு:
நள்ளிரவு, ஆலங்கட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியில்லை,
ஆனாலும் சிவப்பென்றால் நிற்போம்.
அதனால் இங்கே விளக்கை வடிவமைப்பது
கிட்டத்தட்ட மனிதர்களை வடிவமைப்பது.
இந்த வரியை ஒருமுறை கட்டுரையில் எழுதி
பயந்து அடித்தேன்.

மருந்துக்கடை வாசலில் மடக்கு நாற்காலி,
கழித்தல் பதினெட்டு,
பேனா உறைந்துபோக, பென்சில்.
தள்ளுவண்டிக் குழந்தைகள், ஊன்றுகோல்கள்,
கழன்ற கையுறைக்காகப் பாதியில் திரும்பிய பையன்,
பனியில் உப்புக்குப் பதில் தூவிய சரளைமேல்
நடைவண்டிச் சக்கரம் கரகரவென.

நடைவண்டிக்காரர் பெயர் ஓய்வா.
லிஃப்ட் பழுதுபார்த்தவர்.
பாதி தூரம் போவதற்குள் சிவப்பு விழும்.
நடுத்திட்டில் நிற்பார்,
இரு பக்கமும் டிராம் உரசிப் போகும்.
என் கட்டுரையின் மூன்றாம் படத்தில்
முகம் மங்கலாக்கப்பட்ட உருவம் அவர்.
உண்மையைச் சொன்னால்
நான்கு நொடியையும் அவருக்காகத்தான் கேட்டேன்.

கிடைத்த பிறகு
நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் ஒரே மூச்சில் கடந்தார்கள்.
ஓய்வாவுக்கும் நேரம் போதும்,
இரண்டு நொடி மிச்சமே இருக்கும்.
அவரோ நடுத்திட்டில் நின்றார்.
அடுத்த நாளும்.
பதினோரு நாள்.

வழிமுறைக்கு விரோதமாகப் போய்க் கேட்டேன்.
"அந்தப் பக்கம் மருந்துக்கடை," என்றார்,
"இந்தப் பக்கம் வீடு.
நடுவில்தான் ஏதோ நடக்கிறது."

அட்டவணையிலிருந்து அவரை நீக்கினேன்.
அடிக்குறிப்பில் 'ஒருவர் நீங்கலாக' என்று வைத்தேன்.
திறனாய்வாளர் அதையும் எடுக்கச் சொன்னார்.
எடுத்தேன்.
கட்டுரை நன்றாகவே போனது.

மூன்று ஐம்பத்திரண்டு.
தொண்ணூற்று நாலு விழுக்காடு, நகரசபைத் தீர்மான எண்,
வேய்யோவின் கையெழுத்து:
எல்லாம் போட்ட பின்னும் இடம் மிச்சம்.
ஒருவர் நடுவில் நிற்கிறார், என்று தட்டினேன்.
அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை.
அழித்தேன்.
திரும்பத் தட்டினேன்.
நாலு பதிமூன்றுக்கு அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக்
கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பச்சை.
என் கால்களுக்கு ஒன்பது நொடி போதும், அளந்திருக்கிறேன்.
நடுத்திட்டில் நின்றுகொண்டேன்.
ஓய்வா இல்லை. இன்று வியாழன், அவர் வருவது காலையில்.
சிவப்பு.
டிராம் வந்தது. ஓட்டுகிற பெண்
பிடியிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினாள்.
யாருக்கென்று திரும்பிப் பார்த்தேன்,
அதற்குள் போய்விட்டது.

அடுத்த பச்சைக்கு எண்பத்தொரு நொடி.
அதைப் பற்றி
நான் எதுவும் எழுதியதில்லை.